காசு இல்லை என்று இனிமேல் சொல்லப் போவதில்லை

போன ஆனித் தேரோட்டத்துக்குப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி டவுனுக்குப் போயிருந்தோம். பாளையங்கோட்டையில் பஸ் ஏறியதிலிருந்தே சின்னவன் (ஆறு வயது) தேரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, சோப்புக் குமிழி விடுகிற துப்பாக்கியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தான். ரத வீதியில் வடம் பிடிக்கிற கூட்டத்தைத் தாண்டி ஒரு ஓரமாக நடக்கும்போது கடையில் அதைப் பார்த்தும் விட்டான். விலை 150 ரூபாய். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "அம்மாட்ட காசு இல்ல மக்கா." அவன் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, அப்படியே நம்பிக்கொண்டு என் கையைப் பிடித்தபடி நடந்தான். கால் மணி நேரம் ஆகியிருக்காது, கீழ ரத வீதியில் அல்வாவுக்கு நின்றோம். ஊருக்குத் திரும்புகிற நாத்தனாருக்கு அரை கிலோ, வீட்டுக்கு அரை கிலோ. பையைத் திறந்து 500 ரூபாய்த் தாளை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினேன். சின்னவன் அந்தத் தாளையே பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

"காசு இல்லன்னு சொன்னியேம்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். அவன் உண்மையிலேயே குழம்பிப் போய்க் கேட்டான். பக்கத்தில் பத்து வயது அக்காக்காரி எதுவும் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இது பொய் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, அவள் கேட்பதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நான் வளர்ந்தது முக்கூடல் பக்கம் ஒரு ஊரில். எங்கள் அம்மா பீடி சுற்றினாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் நிறைய பேருக்கு அதுதான் வேலை, இன்றைக்கும் ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எங்கே போனாலும் திண்ணையில் மடியில் சொளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்க்கலாம். ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள். விடியற்காலையில் தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாய் மடக்கி, 25 பீடிக்கு ஒரு கட்டு. ஆயிரம் பீடி என்றால் 40 கட்டு. அதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் கணக்குப் பார்க்கிறவர் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்து, பிடிக்காததைக் கழித்துப் போடுவார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, இலையும் தூளும் குறைந்த கணக்கும் நம் தலையில்தான். அம்மா திரும்பி வரும்போது அவள் நடையை வைத்தே இன்றைக்கு எத்தனை கழிந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். நானும் நாலாம் வகுப்பிலிருந்து ராத்திரியில் பீடி வாய் மடக்கிக் கொடுத்தேன். குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1986-ல் வந்த சட்டத்திலேயே பீடித் தொழிலின் பெயர் இருந்தது, ஆனால் வீட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நடப்பதை எந்தச் சட்டம் வந்து பார்க்கும். அதை ஒரு பெருமையாக நான் என்றைக்கும் சொன்னதில்லை. தூள் நெடியில் இருமிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதினதுதான் ஞாபகம் இருக்கிறது.

அந்த வீட்டில் அதிகமாகக் கேட்ட சொல் "காசு இல்லை" என்பதுதான். ரப்பருக்கு இல்லை, ரிப்பனுக்கு இல்லை, பாபநாசம் சித்திரை விசுவுக்குப் போக இல்லை. பல நாள் உண்மையாகவே இல்லை. ஆனால் எல்லா நாளும் இல்லை என்பது உண்மை கிடையாது. அம்மா மாதம் தவறாமல் ஒரு சீட்டுக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள், எனக்குக் கம்மல் எடுக்க. அது எனக்குப் பதினாறு வயதில் கம்மல் கைக்கு வந்த அன்றைக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், இந்த வீடு எப்போது வேண்டுமானாலும் ஒன்றுமில்லாமல் போய்விடும், நாளைக்குச் சோறு இருக்காது என்று. பீடிக்கடைக்குப் போன அம்மா வரத் தாமதமானால் எனக்கு வயிறு கலங்கும். காசு இருந்த நாளில்கூட இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பிள்ளை நிம்மதியாகத் தூங்கியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. சொன்னால் செலவாகிவிடும் என்று பயந்திருப்பாள், பாவம், அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு இல்லை.

அதையே நானும் என் பிள்ளைகளுக்குச் செய்துகொண்டிருக்கிறேன் என்பதுதான் தேரோட்டத்து அன்றைக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் சின்னவனை உட்கார வைத்துச் சொன்னேன். "நேத்து அம்மா பொய் சொல்லிட்டேன். காசு இருந்துச்சு. ஆனா அது அல்வாவுக்கும் பஸ்ஸுக்கும்னு எடுத்துட்டு வந்த காசு. துப்பாக்கிக்குன்னு நான் எதுவும் எடுத்துட்டு வரல." அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அடுத்த தடவ எடுத்துட்டு வருவியா?" என்றான். இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது, "காசு இல்லை"க்கு அப்புறம் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை. அடுத்த தடவை எவ்வளவு, யார் எடுத்து வைப்பது, அதற்குள் வேறு ஏதாவது ஆசை வந்தால் என்ன செய்வது என்று அரை மணி நேரம் பேசினோம். அவனுக்குத் துப்பாக்கி மறந்துபோய்விட்டது, கணக்குப் போடுவதுதான் பிடித்துப் போனது.

நான் வீட்டில் தையல் தைக்கிறேன். சாதாரண ஜாக்கெட்டுக்கு 150 ரூபாய், லைனிங் வைத்தால் 300. வீட்டுக்காரர் ஒரு பேட்டரிக் கடையில் வேலை பார்க்கிறார், சம்பளம் பேங்கில் விழுகிறது. சின்னவன் பிறந்ததிலிருந்து பார்க்கிற காசு எல்லாம் போனில்தான், கடையில் காட்டினால் பெட்டி ஒன்று பேசுகிறது, சாமான் கைக்கு வருகிறது. "ஜிபே பண்ணும்மா, காசு வேணாம்" என்று ஒருநாள் சொன்னான், அதாவது ஜிபே என்பது காசு வேண்டாத ஒரு வழி என்று நினைத்திருக்கிறான். அவனைச் சொல்லித் தப்பில்லை. நம் சின்ன வயதில் தாள் கை மாறுவதைக் கண்ணால் பார்த்தோம், அம்மா முந்தியில் முடிந்து வைத்ததை அவிழ்க்கும்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்த்தோம். இப்போது எதுவுமே கண்ணில் படுவதில்லை. அதனால் ஒரு மாதம் மளிகைக்கும் காய்க்கும் மட்டும் பேங்கிலிருந்து பணமாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். டப்பாவைத் திறந்து எடுக்கும்போதெல்லாம் இரண்டு பேரையும் எண்ணச் சொன்னேன். மாதம் முடியப் போகிற நாளில் டப்பாவின் அடி தெரிந்தது, சின்னவனுக்கு அது ஒரு பெரிய ஆச்சரியம், "காலியாவுதும்மா!" என்று தெருவில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். இன்னொன்று, தாளை நோட்டம் விட ஆரம்பித்தார்கள். பின்பக்கம் பதினைந்து மொழியில் எழுதியிருப்பதில் தமிழ் எங்கே என்று தேடுவது, 50 ரூபாயில் ஹம்பித் தேர், 20 ரூபாயில் எல்லோரா. எங்கள் தேர் ஏன் இல்லை என்று சின்னவனுக்கு இன்னும் வருத்தம்.

பெரியவளை மகாராஜநகர் உழவர் சந்தைக்கு அனுப்பினேன். நானும் சின்னவனும் கூடவே போனோம், ஆனால் பத்தடி தள்ளி நின்றோம். கையில் 200 ரூபாய், வாங்க வேண்டியதை அவளே எழுதிய சீட்டு. அங்கே காலையில் விலைப் பலகை எழுதி வைத்துவிடுவார்கள், அதைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் சொன்னேன். முதல் தடவை வெண்டைக்காய் பிஞ்சாக இருந்தது என்று ஒன்றரைக் கிலோ வாங்கிவிட்டாள், கடைசியில் தக்காளிக்குப் போதவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கை பரபரத்தது, பையில் காசு இருக்கிறது, கொடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் கொடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வெண்டைக்காய்ப் பொரியல், வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, தக்காளி இல்லாத ரசம். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார், அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் அந்த இடத்தில் கேலி செய்துவிட்டால் பிள்ளை மறுபடி காசைக் கையில் தொடவே பயப்படும். 30 ரூபாயில் செய்கிற தப்பை இப்போதே செய்துகொள்ளட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். இருபத்தைந்து வயதில் முதல் சம்பளத்தில் செய்தால் அது தவணையும் வட்டியுமாக வந்து நிற்கும்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் இன்னொரு பாடம் தானாக வந்தது. 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் டிக்கெட் கிடையாது, எனக்கும் பெரியவளுக்கும் இலவசச் சீட்டு. சின்னவன் பையன், ஐந்து வயது தாண்டிவிட்டதால் அவனுக்கு அரை டிக்கெட். "எனக்கு மட்டும் ஏன் காசு?" என்று அவன் கேட்டது போகட்டும், பெரியவள் கேட்டதுதான் முக்கியம்: "நம்ம ரெண்டு பேருக்கும் யாரும்மா காசு குடுக்கா?" அரசாங்கம் பஸ் கம்பெனிக்குக் கொடுக்கிறது என்றேன். அரசாங்கத்துக்கு யார் கொடுக்கிறார்கள்? அவள் கையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிக் காட்டினேன், அதிகபட்ச விலை, எல்லா வரிகளும் சேர்த்து என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். "அப்போ நானும் குடுக்கேனா?" என்று கேட்டாள். ஆமா, நீயும்தான் கொடுக்கிறாய், உன் தம்பியும் கொடுக்கிறான். அன்றிலிருந்து தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவளுக்குக் கோபம் வருகிறது. பிஸ்கட்டிலேயே இன்னொன்றும் கண்டுபிடித்தாள், 10 ரூபாய்ப் பொட்டலம் என்று இரண்டு வாங்கினால் ஒன்றில் எடை குறைவாக இருக்கிறது. விலை மாறாமல் உள்ளே இருப்பதைக் குறைக்கிற வித்தையைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கிராம் கணக்கில் காட்டிவிடலாம், ஒருதரம் காட்டினால் போதும், அப்புறம் கடையில் அவர்களே திருப்பிப் பார்ப்பார்கள்.

வீட்டு வேலைக்குக் காசு கொடுக்கலாமா என்று என்னிடம் நிறைய பேர் கேட்கிறார்கள். நான் கொடுத்துப் பார்த்தேன். ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக் கொடுத்தால் பெரியவளுக்கு ஒரு ஜாக்கெட்டுக்கு 5 ரூபாய் என்று ஆரம்பித்தோம். அழகாக வைத்தாள். பத்து நாளில் 60 ரூபாய் சேர்ந்தது. பதினோராம் நாள் கொடியில் கிடக்கிற துணியை எடுத்துட்டு வா என்றால், "எவ்வளவு தருவ?" என்றாள். அதைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறு ஒன்று. ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்து, இன்னும் ரெண்டு வச்சிட்டுப் படுக்கேம்மா என்றாள். எனக்கு அந்த இடத்தில் அவள் தெரியவில்லை, மடியில் பீடி வைத்துக்கொண்டு நான்தான் தெரிந்தேன். அன்றோடு நிறுத்திவிட்டேன். நீ சாப்பிட்ட தட்டு, நம்ம வீடு, நம்ம துணி, அதுக்கெல்லாம் கூலி கிடையாது. அம்மா தைக்கிறது எப்படின்னு பாரு, ஆசைப்பட்டால் கத்துக்கோ, ஆனால் அம்மாவுக்கு ஆள் வேலை நீ பார்க்க வேண்டாம். கைச்செலவுக்கு வாரம் 20 ரூபாய், அது நீ இந்த வீட்டுப் பிள்ளை என்பதற்காகத் தருவது. இதுதான் இப்போதைக்கு எங்கள் ஏற்பாடு, வேறு வீட்டுக்கு வேறு ஏற்பாடு சரியாக இருக்கலாம், நான் சண்டைக்கு வரவில்லை.

வேலைக்கும் காசுக்கும் உள்ள தொடர்பை என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுத்தது எங்கள் அம்மாதான். லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியவள் கேட்டாள், "ஆச்சி, நீ இப்போ பீடி சுத்தலல்லா, உனக்கு எப்படி மாசாமாசம் காசு வருது?" அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய பி.எஃப். சீட்டையெல்லாம் எடுத்துப் போட்டாள். "நூறு ரூவா கூலின்னா பத்து ரூவாயக் கடையிலயே பிடிச்சிருவாவ. கம்பெனிக்காரன் அவன் பங்குக்குப் பத்து ரூவா போடுவான். பிடிக்கும்போது வயிறு எரியும். இப்போ பாரு, அந்தக் கணக்குதான் உனக்கு முறுக்கு வாங்கித் தருது." பென்ஷன் பெரிசு ஒன்றும் இல்லை, 2014-ல் குறைந்தபட்சம் 1000 ரூபாய் என்று வைத்தார்களே, அதையொட்டித்தான். ஆனால் முப்பது வருஷம் முன்னால் இலை வெட்டின கை இன்றைக்கு முறுக்கு வாங்கித் தருகிறது என்பது பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் ஆச்சியின் விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், கத்தரி பிடித்துக் காய்த்துப் போன இடத்தை.

சேமிப்பு விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பெரியவளுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே தபால் ஆபீசில் செல்வமகள் கணக்கு ஆரம்பித்துவிட்டோம், பத்து வயதுக்குள் ஆரம்பிக்க வேண்டும், பதினைந்து வருஷம் கட்ட வேண்டும், இருபத்தொன்றாம் வருஷம் முதிர்வு. நல்ல திட்டம், யாரும் விட்டுவிடாதீர்கள். ஆனால் அது நம் சேமிப்பு, பிள்ளையின் சேமிப்பு இல்லை. இருபத்தொரு வருஷம் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கு அடுத்த ஜென்மம் மாதிரி. அவளுக்கென்று அவள் பெயரில், அவள் கையெழுத்தில் ஒன்று வேண்டும். பத்து வயது முடிந்தால் தபால் ஆபீசில் பிள்ளையே தன் சேமிப்புக் கணக்கை நடத்தலாம், 500 ரூபாய் இருந்தால் போதும். கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் ஒரு வாரம் நோட்டு முழுக்கப் போட்டுப் பழகினாள், கடைசியில் பெயரின் வால் எழுத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டு ஒன்றை முடிவு செய்தாள். விசுவுக்குக் கிடைத்த கைநீட்டக் காசு, பக்கத்து வீட்டு மாமி பெருநாளுக்குக் கொடுத்த காசு, கைச்செலவில் மிச்சம் என்று மண் உண்டியலில் சேர்ந்தது 740 ரூபாய், அதைத்தான் கொண்டுபோனாள். காருகுறிச்சி உண்டியல், உடைக்க மனசு வராமல் வாயைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

வட்டி என்றால் என்ன என்று அங்கேயே கேட்டாள். நூறு ரூபாய் போட்டால் ஒரு வருஷத்துக்கு 4 ரூபாய். "அவ்வளவுதானா?" என்று முகம் சுருங்கியது. ஆமா, அவ்வளவுதான். மாதத்தில் பத்தாம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரைக்கும் கணக்கில் எது குறைந்த தொகையோ அதற்குத்தான் அந்த மாத வட்டி என்று சொன்னதும் நிமிர்ந்தாள். அப்போ ஒன்பதாம் தேதி போட்டால் லாபம், பதினொன்றாம் தேதி போட்டால் நஷ்டம்! இப்போது மாதம் பிறந்தால் என்னை நச்சரித்து எடுக்கிறாள்.

வட்டியைச் சொல்லும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்லாமல் விடக் கூடாது. 2017 அக்டோபரில் நம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டித் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு, தீக்குளித்ததை நெல்லைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, வந்தும் அது நடந்தது. அந்தச் சம்பவத்தை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை, அதற்கு வயது இருக்கிறது. கணக்கை மட்டும் காட்டினேன். தபால் ஆபீஸ் நூற்றுக்கு நாலு என்றால் அது வருஷத்துக்கு. வட்டிக்காரர் நூற்றுக்குப் பத்து என்றால் அது மாதத்துக்கு. பெரியவள் நோட்டில் பத்தைப் பன்னிரண்டால் பெருக்கினாள். 120 வந்தது. வாங்கினதே நூறுதானே என்றாள். பெருக்கினது தப்போ என்று மறுபடி பெருக்கினாள். நம் ஊரில் எத்தனை வீட்டில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. மாதம், வருஷம் என்ற இந்த ஒரு வித்தியாசத்தை மட்டுமாவது உங்கள் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் நடந்தது. பெரியவள் பள்ளிக்கூடத்தில் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா, 600 ரூபாய். படிவத்தை என்னிடம் காட்டவே இல்லை. அவள் சிநேகிதியின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன்ட்டி சொல்லல என்று கேட்டதற்கு, கண்ணைப் பார்க்காமல், "நீ நாலு ஜாக்கெட் தைக்கணும்ல" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான் எல்லாவற்றையும் ஜாக்கெட் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், இது இரண்டு ஜாக்கெட், அது அரை ஜாக்கெட் என்று. காசின் அருமை தெரியட்டும் என்று சொன்னது அவளுக்கு அம்மாவின் முதுகு வலியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. "காசு இல்லை" என்ற பொய்யால் நான் சின்ன வயதில் பயந்தேன் என்றால், இந்த உண்மையைச் சொன்ன விதத்தில் என் பிள்ளையும் அதே பயத்துக்கு வந்துவிட்டாள். மாதக் கணக்கு நோட்டை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். இதுவரைக்கும் செலவுப் பக்கத்தைத்தான் காட்டியிருக்கிறேன். வரவுப் பக்கத்தைக் காட்டினேன். அப்பா சம்பளம் இவ்வளவு, அம்மா தையல் இவ்வளவு, வீட்டு வாடகை, அரிசி, பள்ளிக்கூடம் எல்லாம் போக இவ்வளவு நிற்கிறது, அதில் "பிள்ளைகள்" என்று எழுதி ஜூன் மாதத்திலிருந்தே எடுத்து வைத்திருக்கிறேன் பார், 1800 ரூபாய். "இதுக்குக் காசு இருக்கு. உனக்குன்னே இருக்கு. போயிட்டு வா." அவள் அந்த 1800-ஐ விரலால் தொட்டுப் பார்த்தாள். கன்னியாகுமரியிலிருந்து எனக்கு ஒரு சங்கு வளையல் வாங்கி வந்தாள், 40 ரூபாய், பேரம் பேசி 30-க்கு.

ஜாக்கெட் கணக்கில் விலை சொல்வதை அன்றோடு விட்டேன். இல்லாததை இல்லை என்று சொல்வதில் காட்டுகிற அக்கறையை இருப்பதை இருக்கிறது என்று சொல்வதிலும் காட்ட வேண்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழுசாகப் பழகவில்லை.

போன மாதம் தையல் மெஷின் மோட்டார் புகைந்துவிட்டது. மாதக் கடைசி. ரிப்பேருக்கு 850 ரூபாய் கேட்டார்கள், கையில் 500-தான் இருந்தது. சின்னவன் உண்டியலில் பெரிதாக ஒன்றும் இல்லை, பெரியவள் உண்டியலில் இருக்கும் என்று தெரியும். அவள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வரைக்கும் காத்திருந்தேன். கேட்டேன். "எப்போ தருவ?" என்றாள். ஏழாம் தேதி, அப்பா சம்பளம் வந்ததும். நோட்டைக் கொண்டுவந்தாள், தேதி போட்டு, 350 ரூபாய் என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதி, "கையெழுத்துப் போடும்மா" என்று நீட்டினாள். போட்டேன். ஏழாம் தேதி சாயங்காலம் 350 ரூபாயை அவள் கையில் எண்ணிக் கொடுத்தேன், அவளும் ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டு நோட்டில் குறுக்கே கோடு போட்டாள்.

அம்மா அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். வெற்றிலை இடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் பேசவில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது என்னிடமும் ஒரு மண் உண்டியல் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் மூன்று வாரம் பீடிக்கடையில் சுற்றுவதற்கு இலை கொடுக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உண்டியல் அலமாரியில் இல்லை. அம்மா, "பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். நானும் அப்புறம் கேட்கவில்லை, அன்றைக்கு ராத்திரி வீட்டில் சோறு வெந்தது. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசினதே கிடையாது.

பிள்ளைகள் தூங்கின பிறகு, விளக்கை அணைக்கப் போகும்போது அம்மா இருட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"உன் உண்டியல்ல நூத்திப் பன்னெண்டு ரூவா அம்பது பைசா இருந்துச்சுட்டி."

எனக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் என்றுதான் ஞாபகம்.